மறுமுறை காய்ச்சிய பால்

ரோம் நகரைச் சுற்றியுள்ள லாசியோ பகுதியில், செம்மறிப் பாலில் பாலாடைக்கட்டி செய்யும் கூடங்களில் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டம் பெக்கோரினோ என்ற பாலாடைக்கட்டிக்கு. இளஞ்சூட்டில் இருக்கும் பாலில் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைக் கலந்து உறைய விடுவார்கள். உறைந்ததைத் துண்டு துண்டாக வெட்டி, அள்ளி, அச்சில் இட்டு அழுத்துவார்கள். கொப்பரையில் மிஞ்சுவது வெளிர்பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர்தான். பாலிலிருந்து எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்தாகிவிட்டது, இனி இதைக் கொட்டிவிட வேண்டியதுதான் என்று பார்ப்பவருக்குத் தோன்றும்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் மறுபடி சூடேற்றுகிறார்கள். 60 டிகிரி செல்சியஸ் வரை எதுவும் நடப்பதாகத் தெரியாது. 70-ஐத் தாண்டியதும் தண்ணீரில் லேசாக வெண்மை ஏறும். 80-ஐக் கடந்தபின் கிளறுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கண்ணை எடுக்கக் கூடாது. அடியிலிருந்து பஞ்சுப் பிசிறு போல வெள்ளைத் துணுக்குகள் மேலே வரத் தொடங்கும். முதலில் ஓரங்களில், பிறகு நடுவில் என்று கொஞ்ச நேரத்தில் கொப்பரையின் வாயை வெண்போர்வை மூடிவிடும். துளைக்கரண்டியால் அதைக் கலையாமல் அள்ளி, ஃபுஷெல்லா என்று அவர்கள் அழைக்கும் துளையிட்ட சிறு கூடைகளில் நிரப்புகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் கூடையின் வரிகள் பதிந்த, தொட்டால் நடுங்கும் ஒரு கட்டி கிடைக்கிறது.

அதுதான் ரிக்கோட்டா. அந்த இத்தாலியச் சொல்லுக்கு ‘மறுபடி காய்ச்சியது’ என்று பொருள். லாசியோவில் செய்யப்படும் ‘ரிக்கோட்டா ரொமானா’வின் பெயரை 2005-ல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பிடம் சார்ந்த பெயராகப் பதிவு செய்து பாதுகாத்தது. கொட்டப்பட இருந்த தண்ணீருக்குக் கிடைத்த மரியாதை அது.

பால் திரிவதைப் பார்த்துப் பழகிய தமிழ்ச் சமையலறைக்கு இதில் ஒரு புதிர் உண்டு. பாலைக் காய்ச்சினால் பொங்குமே தவிர திரியாது. திரிய வேண்டுமானால் எலுமிச்சையோ மோரோ வேண்டும். இங்கே வெறும் சூட்டிலேயே வெள்ளை திரண்டுவருகிறது. பெரும்பாலும் புளிப்பே சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் சிறிதளவுதான். அது எப்படி?

விடைக்குப் பக்கத்தில் நம்மிடமே ஒன்று இருக்கிறது: சீம்பால். கன்று ஈன்ற பசுவின் முதல் பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வைத்தால், உறையும் ஊற்றாமல் புளிப்பும் விடாமல் அது கட்டியாகிவிடும். சாதாரணப் பசும்பாலில் புரதம் 3 முதல் 3.5 சதவீதம் வரைதான். முதல் கறவைச் சீம்பாலில் அது பல மடங்கு அதிகம். அதிலும் பெரும்பகுதி, கன்றுக்கு நோய் எதிர்ப்பைத் தருகிற இம்யூனோகுளோபுலின் வகைப் புரதங்கள். அவை சூடு பட்டால் இறுகும் இனத்தைச் சேர்ந்தவை. கிராமத்தில் சீம்பாலுக்கு ஊற்றும் சாதாரணப் பாலின் அளவைக் கறவைக்குக் கறவை குறைத்துக்கொண்டே வருவார்கள். நாள் ஆக ஆக அந்தப் புரதம் குறைகிறது என்பதை ஆய்வகம் இல்லாமலே கண்டுபிடித்த கணக்கு அது.

பாலில் இருக்கும் புரதங்களை இரண்டு சாதியாகப் பிரிக்கலாம். ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. பாலின் வெண்மைக்கு, கொழுப்போடு சேர்ந்து அந்த உருண்டைகளும் காரணம். ரென்னெட்டுக்கும் புளிப்புக்கும் வசப்படுவது கேசீன். சூட்டை அது பெரிதாகப் பொருட்படுத்தாது. மீதி ஒரு பங்கு நேர் எதிர். அது ரென்னெட்டுக்கு மசியாமல் தெளிநீரிலேயே தங்கிவிடும். ஆனால் சூட்டுக்கு உடனே இணங்கும். உடற்பயிற்சிக் கூடங்களில் டப்பா டப்பாவாக விற்கும் ‘வே புரோட்டீன்’ தூள் இந்த இரண்டாம் சாதிதான். இதில் முதன்மையானது பீட்டா லாக்டோகுளோபுலின். 162 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி, நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கிறது. அந்தச் சுருளுக்குள் கந்தக முனை ஒன்று யாரோடும் சேராமல் ஒளிந்திருக்கிறது. சூட்டில் கண்டு அவிழும்போது அந்த முனை வெளியே வந்து, அவிழ்ந்த அடுத்த மூலக்கூறின் கந்தகத்தைப் பற்றிக்கொள்கிறது. அது அடுத்ததைப் பற்றுகிறது. இப்படிக் கைகோத்த கூட்டம்தான் கண்ணுக்குத் தெரியும் அந்த வெள்ளைத் துணுக்கு. காய்ச்சிய பாலுக்கென்று ஒரு வாசம் இருக்கிறதே, அதில் ஒரு பகுதி இப்படி வெளியே வந்த கந்தகத்தின் வேலை.

அப்படியானால் வீட்டுப் பாலைக் காய்ச்சும்போது மட்டும் ஏன் துணுக்குகள் தெரிவதில்லை? அங்கேயும் அவை அவிழத்தான் செய்கின்றன. ஆனால் பக்கத்திலேயே கேசீன் உருண்டைகள் இருப்பதால் அவற்றின் மேல் போய் ஒட்டிக்கொள்கின்றன. தயிர் கெட்டியாக உறைய வேண்டுமானால் பாலை நன்றாகக் காய்ச்ச வேண்டும் என்று வீடுகளில் சொல்வதன் காரணமும் இதுவே. ஒட்டிய புரதத்தோடு உறையும் கேசீன் வலை, தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும். லாசியோவின் கொப்பரையிலோ கேசீன் முன்பே அகற்றப்பட்டுவிட்டது. ஒட்டிக்கொள்ள வேறு துணை இல்லாததால் அவை தமக்குள்ளேயே கைகோத்துக்கொள்கின்றன.

இதைப் புரிந்துகொண்டால் ஓர் ஏமாற்றத்தையும் தவிர்க்கலாம். பனீர் செய்து மிஞ்சிய தண்ணீரைக் காய்ச்சி ரிக்கோட்டா எடுக்க முயல்கிறவர்கள் உண்டு. எவ்வளவு காய்ச்சினாலும் அதில் பேருக்குத்தான் ஏதாவது தேறும். பனீருக்குப் பாலைக் கொதிநிலை வரை காய்ச்சித்தான் புளிப்பு விடுகிறோம். அதற்குள் சூட்டுப் புரதங்கள் கேசீனோடு ஒட்டி, பனீருக்குள்ளேயே போய்விட்டன. பாலில் எலுமிச்சை பிழிந்து வடிகட்டி ‘வீட்டு ரிக்கோட்டா’ என்று செய்வதும், உண்மையில் அழுத்தாத பனீர்தான். அதில் குறையொன்றும் இல்லை. சமையலுக்கு நன்றாகவே ஒத்துழைக்கும். இனிப்பும் மென்மையும் மட்டும் வேறு.

புரதம் சூட்டில் கெட்டிப்படுவது என்றால் என்ன என்பது நெடுநாள் தெளிவாகாத விஷயமாகவே இருந்தது. முட்டையை வேகவைத்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்திருக்கிறார்கள், விளக்கம்தான் இல்லை. 1931-ல் பீகிங்கில் பணியாற்றிய சீன உயிர்வேதியியலர் சியென் வூ, கட்டுக்கோப்பாகச் சுருண்டிருக்கும் புரதம் தன் அமைப்பை இழந்து அவிழ்வதே இந்த மாற்றம் என்று எழுதினார். புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை ஒருவரும் கண்ணால் பார்த்திராத காலம் அது. 1936-ல் ஆல்ஃபிரட் மிர்ஸ்கியும் லைனஸ் பாலிங்கும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்கள். கொப்பரையிலும் வாணலியிலும் நடப்பது ஒரே நிகழ்ச்சி என்று சொல்ல அதன்பிறகே வழி பிறந்தது.

ரிக்கோட்டாவும் அருகுலாக் கீரையும் கீஷிலும் பாஸ்தாவிலும் அடிக்கடி ஒன்றாகச் சேர்கின்றன. இந்த இரண்டு உணவுகளையும் தீர்மானிப்பது சியென் வூ சொன்ன அதே அவிழ்தல்தான். ஓரிடத்தில் அது உணவை உண்டாக்குகிறது. வேறோரிடத்தில் அளவு மீறினால் கெடுக்கிறது. இன்னோரிடத்தில் ஒரு கீரையின் காரத்தையே அணைத்துவிடுகிறது.

கீஷ் பிரான்ஸின் கிழக்கு ஓரத்திலுள்ள லொரேன் பகுதிக்காரர்களின் பண்டம். பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்து புழங்கிய எல்லைப்புறம் அது. ஜெர்மானியரின் ‘குஹென்’, அதாவது கேக் என்ற சொல்லே மருவி ‘கீஷ்’ ஆனது என்பார்கள். ஆரம்பத்தில் அடியில் இருந்தது ரொட்டி மாவுதான். வெண்ணெய் சேர்ந்த மொறுமொறு ஓடு பிறகு வந்தது. அதற்குள் ஊற்றும் முட்டை-கிரீம் கலவைக்கு லொரேன்காரர்கள் ‘மிகேன்’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். மிகேனும் உப்பிட்ட பன்றிக்கொழுப்புத் துண்டுகளும் சேர்ந்தால் பழைய முறைக் கீஷ். சீஸ் போடுவது பிறகு வந்த வழக்கம். ரிக்கோட்டாவும் அருகுலாவும் அதற்குள் நுழைந்தது இன்னும் பிந்திய காலத்தில். ஆனால் ரிக்கோட்டா போன்ற பால்கட்டி, கீரை, முட்டை மூன்றையும் மாவுக்குள் வைத்துச் சுடுவது இத்தாலிக்குப் புதிதல்ல. ஜெனோவா நகரத்தார் ஈஸ்டருக்குச் செய்யும் ‘தோர்த்தா பஸ்குவலீனா’வில் கீரை, தயிர்க்கட்டி ஆகியவற்றின் நடுவே குழி பறித்து முழு முட்டைகளை உடைத்து ஊற்றிவிடுவார்கள். வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் மஞ்சள் கரு தெரியும்.

கீஷின் உயிர் மிகேனில்தான் இருக்கிறது. முட்டைக்குள் இருக்கும் புரதங்கள் எல்லாம் ஒரே சூட்டில் அவிழ்பவை அல்ல. வெள்ளைக்கருவின் ஓவோடிரான்ஸ்ஃபெரின் 60 டிகிரியைச் சற்றுத் தாண்டியதுமே கெட்டிப்படும். வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கும் மேலான ஓவல்புமின் 80 டிகிரி வரை பொறுத்திருக்கும். மஞ்சள்கரு 65-ல் குழைந்து 70-ல் இறுகும். பாலும் கிரீமும் ஊற்றியதும் இந்தக் கணக்கு மேலே நகர்கிறது. புரதங்கள் ஒன்றுக்கொன்று தள்ளிப்போய்விடுவதால் ஒன்றையொன்று தேடிப் பிடிக்க அதிகச் சூடு வேண்டியிருக்கிறது. அதனால் தனி முட்டை 70-ல் இறுகும் இடத்தில் மிகேன் 80-ஐ ஒட்டித்தான் உறைகிறது. 85-ஐத் தாண்டினால் திரிந்துவிடும். நடுவே இருப்பது ஐந்தே டிகிரி. அடுப்பின் உள்ளே 170 டிகிரி அனல். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் பார்த்தால், கீஷ் சுடுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது விளங்கும்.

ஹங்கேரியில் பிறந்து ஆக்ஸ்ஃபர்டில் மிகக் குறைந்த வெப்பநிலைகளை ஆராய்ந்த இயற்பியலர் நிக்கலஸ் கூர்ட்டி, 1969-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சமையலறை இயற்பியலைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். வெள்ளிக் கிரகத்தின் வளிமண்டலச் சூட்டை அளந்துவிட்டோம், நம் சூஃப்லேயின் உள்ளே என்ன சூடு என்பது தெரியாமல் இருக்கிறோமே என்பது அவருடைய ஆதங்கம். தனிப் பூஜ்ஜிய வெப்பநிலைக்கு மிக அருகிலான குளிரை அளந்தவர் முட்டைப் பண்டத்தின் சூட்டைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஊசி வெப்பமானி அந்த ஆதங்கத்தைத் தீர்த்துவிடும்.

ஊசி இல்லாதவருக்கும் வழி உண்டு. அடுப்பின் கண்ணாடிக் கதவு வழியாகக் கீஷைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் உப்பி நின்றுவிட்டது. நடுவில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் தட்டை அசைத்தால் ஆடுகிறது. தண்ணீராக அலையடிக்கக் கூடாது. கொழுக்கட்டைப் பூரணம் போல நிற்கவும் கூடாது. கடற்பாசி ஜெல்லி ஆடுவது போல ஆட வேண்டும். அப்போது நடுவில் ஏறக்குறைய 75 டிகிரி. வெளியே எடுத்தபின் ஓரத்துச் சூடு உள்ளே நகர்ந்து மீதியை முடித்துக்கொள்ளும். நடுவும் இறுகட்டும் என்று காத்திருந்தால் ஓரம் 90-ஐத் தொட்டிருக்கும். கைகோத்த புரதங்கள் மேலும் மேலும் இறுகி, தாம் பிடித்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். வெட்டினால் துளைத்துளையாக இருக்கும். தட்டில் தண்ணீர் கட்டும். ஒரு தேக்கரண்டி மைதாவை மிகேனில் கலப்பவர்கள் இதிலிருந்து ஓரளவு தப்பிக்கிறார்கள். மாவுச்சத்து குறுக்கே நின்று, புரதங்கள் அளவுக்கு மீறி நெருங்காமல் பார்த்துக்கொள்ளும்.

ரிக்கோட்டா இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அது கொப்பரையிலேயே 80 டிகிரியைத் தாண்டி வந்த பொருள். அவிழ வேண்டியதெல்லாம் அவிழ்ந்து, கந்தகத்தால் பிணைந்துவிட்டது. கீஷின் சூடு அதை ஒன்றும் செய்யாது. மொட்ஸரெல்லாவைச் சூடாக்கினால் நூலாக இழுபடும். ரிக்கோட்டா உருகவே உருகாது. மொட்ஸரெல்லாவில் கேசீனைச் சேர்த்து வைத்திருப்பது கால்சியம். சூட்டில் அந்தப் பிடி தளரும், கட்டி வழியும். ரிக்கோட்டாவின் பிடி அப்படித் தளராது. பனீர் எண்ணெயில் பொரிந்தும் வடிவம் மாறாமல் இருப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். மிகேனில் கால்பங்கோ அரைப்பங்கோ ரிக்கோட்டா கலந்தால், சூட்டுக்கு அஞ்ச வேண்டிய முட்டைப் புரதத்தின் விகிதம் குறைகிறது. சமைப்பவர் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் மன்னித்துவிடும் கீஷ் கிடைக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரிக்கோட்டாவில் நான்கில் மூன்று பங்கை நெருங்கும் அளவு தண்ணீர்தான். அப்படியே கலந்தால் அந்தத் தண்ணீர் நேராக அடியோட்டில் இறங்கும். மெல்லிய துணியில் முடிந்து இரண்டு மணி நேரம் தொங்கவிடுவது நல்லது. அருகுலாவையும் சூடான வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டி, ஆறியபின் கையால் பிழிந்துவிட வேண்டும்.

ஓட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மைதாவில் தண்ணீர் பட்டதும் குளூட்டன் வலை பின்னத் தொடங்கும். குளிர்ந்த வெண்ணெயை முதலில் மாவோடு உதிர்த்துவிட்டால், கொழுப்பு பூசிய மாவுக்குள் தண்ணீர் எளிதில் நுழையாது, வலை குட்டையாகவே நிற்கும், ஓடு மொறுமொறுக்கும். வெண்ணெய் உருகிவிட்டால் இந்தத் தடுப்பு குலையும். கோடையில் சென்னையின் சமையலறையில் வெண்ணெய் மேடையிலேயே உருகும் என்பதால் மாவையும் கிண்ணத்தையும்கூடக் குளிர்பெட்டியில் வைத்தெடுப்பது நல்லது. ஊற்றும் முன் வெறும் ஓட்டின் மேல் தாளைப் பரப்பி, ராஜ்மாவோ கொண்டைக்கடலையோ பாரமாகக் கொட்டி அரைவேக்காடாகச் சுட்டுக்கொள்ள வேண்டும். அதைத் தவிர்த்தால் அடி களியாகிவிடும்.

இனி பாஸ்தா. அதற்கு இத்தாலியின் குதிகாலுக்குப் போக வேண்டும்.

அங்கே புல்யா என்ற மாநிலம். அதன் தலைநகர் பாரியின் பழைய நகரில் ‘ஆர்க்கோ பஸ்ஸோ’ என்ற குறுகலான தெரு இருக்கிறது. வீட்டு வாசலில் மரப்பலகை போட்டுக்கொண்டு பெண்கள் ஒரேகியெத்தே செய்வதை வழிப்போக்கர் நின்று பார்க்கலாம். முரட்டுக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான், முட்டை கிடையாது. பிசைந்த மாவை விரல் தடிமனில் கயிறாக உருட்டுகிறார்கள். மழுங்கிய கத்தியால் ஒரு சிறு துண்டை வெட்டி, அந்த வேகத்திலேயே பலகையில் தேய்த்துத் தன் பக்கம் இழுக்கிறார்கள். துண்டு சுருண்டு கத்தியின் அலகில் ஏறுகிறது. அதைக் கட்டைவிரல் நுனியில் கவிழ்த்துப் புரட்டினால் உள்பக்கம் வெளியே வந்து, சொரசொரப்பான முதுகோடு ஒரு சின்னக் காது உருவாகிறது. ஒரேகியெத்தே என்றால் குட்டிக் காதுகள். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது. அடுத்தது, அடுத்தது என்று பலகை நிறைகிறது.

அந்த ரவையைத் தருவது டூரம் கோதுமை. சப்பாத்திக் கோதுமையில் 42 குரோமோசோம்கள், டூரத்தில் 28. தமிழ்நாட்டில் சம்பா கோதுமை என்று வாங்கிக் கஞ்சியும் உப்புமாவும் செய்கிறோமே, அதற்கும் 28-தான்; டூரத்தின் நெருங்கிய உறவு அது. டூரம் மணி மிகக் கடினம். அரைத்தால் மாவாகாமல் மஞ்சள் ரவையாக உடையும். அதன் குளூட்டன் பிய்ந்துவிடாத உறுதி கொண்டது. இத்தாலி 1967-ல் ஒரு சட்டமே போட்டு, உலர் பாஸ்தாவை டூரத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பிற நாடுகளில் செய்து இறக்குமதியாகும் பாஸ்தா மீது இதைத் திணிக்கக் கூடாது என்று 1988-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன பிறகும், உள்ளூர்த் தயாரிப்பாளர்களுக்கு அந்த விதி தொடர்கிறது.

கொதிநீரில் விழுந்த பாஸ்தாவுக்குள் ஒரு பந்தயம் நடக்கிறது. மாவுச்சத்து மணிகள் 60 டிகிரி வாக்கில் தண்ணீரைக் குடித்து உப்பத் தொடங்கும். அதே நேரம் குளூட்டன் புரதங்கள் சூட்டில் இறுகி அந்த மணிகளைச் சுற்றிக் கூண்டு கட்டும். கூண்டு முந்திக்கொண்டால் மாவுச்சத்து உள்ளேயே அடங்கி, பாஸ்தா பல்லுக்குக் கடிபடும். மாவுச்சத்து முந்திக்கொண்டால் கூண்டை உடைத்துக்கொண்டு வெளியே வழியும், பிசுபிசுத்துக் குழையும். சாதாரணக் கோதுமைச் சேமியா ஒரு நிமிடம் கூடினாலும் குழைந்துவிடுவதும், டூரம் பாஸ்தா தாக்குப்பிடிப்பதும் இந்தப் பந்தயத்தில் முந்துவது யார் என்பதைப் பொறுத்தது. சேமியாவை நெய்யில் வறுத்துக்கொள்ளும் நம் வழக்கமும் ஒரு வகையில் இதற்கான பதில்தான்.

வெளியே கசிந்த கொஞ்ச மாவுச்சத்தும் வீணல்ல. பாஸ்தா வெந்த கலங்கல் தண்ணீரை ஒரு கரண்டி எடுத்துவைக்காத இத்தாலியச் சமையல்காரரைப் பார்ப்பது அரிது. அதன் மகிமையை அண்மையில் இயற்பியலர்களே அளந்தார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அடங்கிய ஓர் இத்தாலியக் குழு, பெக்கோரினோ, மிளகு, பாஸ்தா தண்ணீர் மூன்றும் சேர்ந்த ‘காச்சோ எ பெப்பே’ குழம்பு எப்போது கட்டிதட்டும் என்று ஆராய்ந்து 2025-ல் ‘ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்’ இதழில் வெளியிட்டது. சீஸின் எடையில் மாவுச்சத்து 1 சதவீதத்துக்கும் கீழே போனால், சூடேறும்போது சீஸ் புரதங்கள் ஒன்றாகத் திரண்டு ரப்பர் போல ஆகிவிடுகின்றன. 2 முதல் 3 சதவீதம் இருந்தால் குழம்பு மழமழவென்று நிற்கிறது. அந்த ஆண்டின் இக் நோபல் இயற்பியல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

ரிக்கோட்டாவைப் பாஸ்தாவில் சேர்ப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. பெக்கோரினோவைப் போல உருகித் திரள அதற்குத் தெரியாது. பரிமாறும் கிண்ணத்தில் ரிக்கோட்டாவைப் போட்டு, ஒரு கரண்டி பாஸ்தா தண்ணீர் விட்டு முள்கரண்டியால் அடித்தால் சில நொடிகளில் தயிர்ப்பச்சடிப் பதத்துக்கு வரும். வெந்த பாஸ்தாவை அதில் வடித்துக் கொட்டிப் புரட்டினால் போதும். அடுப்பில் மறுபடி வைக்கவே வேண்டாம். மாவுச்சத்து இருப்பதால் ரிக்கோட்டாவின் துணுக்குகள் மறுபடி பிரிந்து தண்ணீர் விடாது.

கடைசியாக அருகுலா. அடுப்போடு உடன்படாத கீரை அது.

ராக்கெட் கீரை, ருக்கோலா, அருகுலா என்று பல பெயரில் புழங்கும் இது கடுகுக் குடும்பத்துச் செடி. ரோமானியர் காலத்திலிருந்தே மத்தியதரைக்கடல் நாடுகளில் தின்னப்பட்டு வருகிறது. இதன் லத்தீன் பெயர் எரூக்கா. கடுகெண்ணெயில் இருக்கும் எரூசிக் அமிலத்துக்குப் பெயர் வந்ததே இதிலிருந்துதான். இந்தியாவுக்கும் இது அந்நியம் அல்ல. ராஜஸ்தானின் வறண்ட வயல்களில் ‘தாராமீரா’ என்ற பெயரில் விளைவது இதே செடிதான். அங்கே இலைக்காக அல்ல, விதையின் எண்ணெய்க்காக.

இதன் இலையை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கசக்கினாலோ மென்றாலோதான் மூக்கில் ஏறும். காரணம், காரம் இலைக்குள் தயாராக இல்லை. குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம் ஓர் அறையில். மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையில். பூச்சியோ பல்லோ சுவரை உடைத்ததும் இரண்டும் சந்திக்கின்றன. நொதி வெட்ட, ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் பிறக்கிறது. இது ஆவியாகக்கூடியது. அதனால்தான் மிளகாய் நாக்கில் தங்கி எரிய, கடுகும் அருகுலாவும் மூக்கின் உள்பக்கமாகப் போய்த் தாக்குகின்றன. நரம்பிலும் வாசல்கள் வேறு வேறு. மிளகாய் தட்டுவது டிஆர்பிவி-1. கடுகு தட்டுவது டிஆர்பிஏ-1.

பூச்சிகளை விரட்டத்தான் செடி இந்த ஏற்பாட்டைச் செய்தது. ஆனால் முட்டைக்கோஸ் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அதைக் கடந்துவிட்டன. 1910-ல் ஆம்ஸ்டர்டாமில் எட்வர்ட் வெர்ஷாஃபெல்ட் என்ற தாவரவியலர், கடுகுக் குடும்பத்தின் இந்தச் சேர்மங்களை, புழுக்கள் சாதாரணமாகத் தொடாத இலைகளில் தடவிவைத்தார். புழுக்கள் வந்து தின்றன. மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருந்த காரம் அவற்றுக்குச் சாப்பாட்டுக்கான அழைப்பாகிவிட்டது.

முருங்கை வேரைக் கிள்ளி முகர்ந்தவருக்கும் பப்பாளி விதையைக் கடித்தவருக்கும் இந்தக் காரம் பழக்கம்தான். முருங்கையும் பப்பாளியும் கடுகுக்குத் தூரத்துச் சொந்தம். தாவரவியலில் மூன்றும் ஒரே வரிசையில் வருகின்றன. வெள்ளைக்காரர்கள் முருங்கைக்கு ‘ஹார்ஸ்ராடிஷ் மரம்’ என்று பெயர் வைத்தது அந்த வேர்க்காரத்தால்தான்.

மைரோசினேஸும் ஒரு புரதம். பாலிலும் முட்டையிலும் நடந்ததே இதற்கும் நடக்கும். கடுகுக் குடும்பத்துக் கீரைகள் பலவற்றில் 60, 70 டிகிரியைத் தாண்டும்போது அது அவிழ்ந்து வேலையை இழக்கிறது. நொதி இல்லாமல் குளுக்கோசினோலேட் வெட்டுப்படாது, காரம் பிறக்காது. இதற்கான சோதனையை நாம் தினமும் செய்துகொண்டிருக்கிறோம். கொதிக்கும் எண்ணெயில் வெடித்த கடுகு உறைப்பதில்லை. கொட்டை மணம்தான் தரும். அதே கடுகைப் பச்சையாக அரைத்துப் பச்சடியிலோ ஆவக்காயிலோ சேர்த்தால் உச்சந்தலைக்கு ஏறும்.

ஆகவே கீஷுக்குள் அரை மணி நேரம் வெந்த அருகுலா, காரம் போய் வெறும் கீரையாகிவிடுகிறது. கீஷுக்குள் போகும் கீரைக்குப் பச்சை நிறமும் மங்கும். பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியம் கழன்று இலை ஆலிவ் நிறத்துக்கு வரும். அதில் நட்டமில்லை. மெல்லிய கசப்பும் இலை மணமும் ரிக்கோட்டாவின் இனிப்புக்கு நன்றாகப் பொருந்தும். காரமும் வேண்டுமென்றால் கீரையை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாதி உள்ளே. மீதிப் பாதி, சுட்டு இறக்கிய கீஷின் மேல், எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் பிசிறிப் பச்சையாக.

புல்யாவில் இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்றும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அங்கே காட்டு ருக்கோலாவை ஒரேகியெத்தேயோடு அதே கொதிநீரில் போட்டு வேகவைத்துவிடுவார்கள். காட்டு வகை நாட்டு வகையைவிடக் கடுமையானது. அதைப் பச்சையாகக் கைநிறைய அள்ளித் தின்ன முடியாது. கொதிநீர் அதன் முரட்டுத்தனத்தை அடக்கிக் கசப்பை மட்டும் விட்டுவைக்கிறது. தக்காளிச் சாந்து சேர்த்து, மேலே காச்சோரிக்கோட்டா என்ற உள்ளூர்க் கட்டியைத் துருவித் தூவுவார்கள். அதன் செய்முறை கேட்டால் நமக்கு உடனே பிடிபடும். பாலைக் கொதிக்கும் அளவுக்குக் காய்ச்சி, ஆறவைத்து, பிறகு ரென்னெட் விடுகிறார்கள். சூட்டுப் புரதங்கள் கேசீனோடு ஒட்டிக்கொண்ட பிறகு உறைவதால், லாசியோவின் கொப்பரையில் தண்ணீரோடு பிரிந்துபோனது இங்கே கட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஒரே கட்டியில் பாலாடைக்கட்டியும் ரிக்கோட்டாவும். பெயரும் அதைத்தான் சொல்கிறது.

மென்மையான தோட்டத்து அருகுலா கையில் இருந்தால், கிண்ணத்தில் ரிக்கோட்டாவோடு புரட்டிய பாஸ்தா ஆவி விட்டுக்கொண்டிருக்கும்போதே கீரையைக் கையால் கிள்ளி மேலே போட்டு, இரண்டு முறை மட்டும் புரட்ட வேண்டும். கிள்ளும்போதே அறைச் சுவர்கள் உடைந்து நொதி வேலையைத் தொடங்கிவிடும். பாஸ்தாவில் அழுந்திய இலைகள் கண்ணெதிரே துவண்டு கரும்பச்சையாகும். மேலே நின்றவை நிமிர்ந்தே இருக்கும். ரிக்கோட்டாவின் கொழுப்பு காரத்தைக் கொஞ்சம் தனக்குள் இழுத்துக்கொள்ளும். ஒரு வாயில் துவண்ட இலையின் லேசான கசப்பு. அடுத்த வாயில் ஒரு பச்சை இலை பல்லில் நசுங்கி, காரம் மூக்கின் உள்ளே ஏறும்.